ராவணன் மீசையும் மச்சான் மனையும்

கல்யாணமாகாத பிள்ளையோ பெண்ணோ இருக்கிற வீட்டில் ‘திருவிடந்தை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜாதகக் கட்டெல்லாம் புரட்டி, தரகர் கையை விரித்து, கல்யாண வெப்ஸைட்டுக்கு மூன்றாவது தடவை சந்தா கட்டி அலுத்த பிறகு, யாராவது ஒரு அத்தை ஆரம்பிப்பாள்: “பேசாம ஒரு நடை திருவிடந்தை போயிட்டு வாங்களேன்.”

காலவ ரிஷியின் 360 பெண்களை நாளைக்கு ஒருத்தியாக வருஷம் பூராவும் கல்யாணம் பண்ணிக்கொண்ட பெருமாள் அங்கே இருக்கிறார். நித்யகல்யாணப் பெருமாள். கேஸ் எவ்வளவு சிக்கலானாலும் அனுபவஸ்தரிடம் போவதுதானே முறை? இரண்டு மாலை வாங்கிப் போனால் அர்ச்சனை செய்து ஒன்றைத் திருப்பித் தருவார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து, காய்ந்த மாலையைப் பின்னாலிருக்கும் தல விருட்சத்தில் சேர்த்துவிட்டுப் போக வேண்டும்.

என் அக்கா மகனுக்கு முப்பத்துநாலு வயசு. எட்டே மாதத்தில் பலித்தது. பெருமாள் அருளா, தலைமுடி விஷயத்தில் பெண் வீட்டார் காட்டிய பெருந்தன்மையா என்று வீட்டில் இரண்டு கட்சி உண்டு. எப்படியோ, மாலையைச் சேர்க்கப் போனவர்களுக்குத் துணையாக நானும் போனேன். சின்னஞ்சிறுசுகள் சந்நிதியில் நின்றுகொண்டிருக்க, நான் மரத்தடியில் நின்றேன்.

புன்னை மரம். பச்சை ரெக்ஸினில் வெட்டி ஒட்டின மாதிரி தடித்த இலை. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் கொத்து, மெல்லிய வாசனை. கோலிக்குண்டு மாதிரி காய். கரண்ட் வருவதற்கு முன்னால் கடலோரத்து வீடுகளில் விளக்கு எரிந்தது இதன் எண்ணெயில்தான். படகு கட்டவும் இதன் கட்டை ஆகும். இத்தனை சம்பந்திகளை நேரில் பார்த்த மரம் தமிழ்நாட்டில் வேறு இருக்க முடியாது. இதன் மேல் கோடாலி வைக்க எவனுக்கும் தைரியம் வராது.

ஆனால் இந்த மரம் இங்கே ஏன் நிற்கிறது என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. தல விருட்சம் என்பது பெரும்பாலும் அந்த ஊரில் ஒரு காலத்தில் எது காடாக மண்டிக் கிடந்ததோ அதன் ஞாபகார்த்தம். சிதம்பரத்துக்குத் தில்லை. இன்றைக்குத் தில்லைக் காடு பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரத்துக்கு பஸ் ஏற வேண்டும். மயிலாப்பூர் கபாலீஸ்வரருக்கும் புன்னைதான். மாட வீதியில் புன்னங்காடு எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் வேறு மாதிரி பார்ப்பார்.

நற்றிணையில் 172-ஆம் பாட்டில் ஒரு பெண் வருகிறாள். சின்ன வயசில் விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னங்கொட்டை முளைத்துவிட, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். “இது உனக்குத் தங்கச்சி முறை” என்று அம்மா சொல்லிவைத்ததால், அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறதாம். இன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வெட்கப் பிரச்னை இல்லை. கோயிலிலிருந்து கடலைப் பார்க்க நான் நடந்த வழியில் ஒரு தங்கச்சியும் கண்ணில் படவில்லை. காம்பவுண்டுச் சுவர், ஸிஸிடிவி, ‘நாய்கள் ஜாக்கிரதை’, சவுக்கு, மறுபடி காம்பவுண்டுச் சுவர்.

* * *

நான் அந்தப் பக்கம் நடந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் மனைவியின் அண்ணா, அதாவது மச்சான், கொஞ்சம் தெற்கே ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கிறார். ரிடையரான பிறகு அலைச் சத்தம் கேட்டபடி காபி குடிக்க வேண்டும் என்பது அவருடைய முப்பது வருஷக் கனவு. ஸ்டேட் பாங்க் லாக்கரில் இருந்த நகையெல்லாம் இப்போது அந்த மணலில் இருக்கிறது.

“பாருங்க மாப்ளே, எல்லாம் சரி. நடுவுல இந்த மேடுதான் நந்தி மாதிரி. ஜேஸிபிக்காரன் அரை நாள் வேலைங்கறான். தள்ளி லெவல் பண்ணி லான் போட்டா, வாசல்லேருந்தே கடல் தெரியும்.”

மேட்டைப் பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேல் ஒரு மணல் குவியல். கடல் பக்கத்துச் சரிவில் ஊதாப் பூ பூத்த கொடி. முகட்டில் புதர் புதராக விறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு புல்.

கொடி, அடம்பு. பழைய பாட்டுகளில் அடும்பு. இலை நடுவில் பிளந்திருக்கும். நம் புலவர்கள் அதை மான் குளம்பு என்றார்கள். 1753-ல் ஸ்வீடன்காரர் லின்னேயஸ் அதற்கு லத்தீனில் ‘ஆட்டுக்கால்’ என்று பெயர் வைத்தார். ஒரே இலைதான், நம் ஆட்களுக்கு மான் தெரிந்தது, அவருக்கு ஆடு.

புல்லின் பெயர் ராவணன் மீசை. ஒருமுறை தொட்டுப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரிந்துவிடும். ஒவ்வொரு இலையும் ஊசி. இதில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியில் பந்து மாதிரி முள் உருண்டை ஒன்று வரும். காய்ந்ததும் அறுந்து, காற்றில் மணல் மேல் தாவித் தாவி உருண்டு ஓடும். ஓடுகிற வழியெல்லாம் விதையைச் சிந்தும். எங்கே தடுக்குகிறதோ அங்கே கொஞ்சம் மணல் ஒதுங்கும். அங்கே ஒரு மீசை முளைக்கும்.

மணல் மேடு என்பது யாரோ லாரியில் கொட்டிய சமாசாரம் அல்ல. கடல் காற்று மணலை வாரிக்கொண்டு வருகிறது. வழியில் ஒரு கொடி இருந்தால் காற்றின் வேகம் தட்டுப்படுகிறது, மணல் விழுகிறது. விழுந்த மணல் கொடியை மூடுகிறது. வேறு செடியாக இருந்தால் அத்தோடு கதை முடிந்தது. அடம்பு என்ன செய்கிறது என்றால், மூடிய இடத்தில் கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொண்டு தலையை மேலே நீட்டுகிறது. மறுபடி மணல். மறுபடி தலை. பல வருஷம் இந்தக் கண்ணாமூச்சி நடந்தால் ஆளுயர மேடு. செடியை எடுத்துவிட்டால் மேட்டைக் காற்றே கலைத்துவிடும். மேட்டை எடுத்துவிட்டால் செடிக்கு நிற்க இடம் இல்லை. எது வீடு, எது வீட்டுக்காரன் என்று பிரித்துச் சொல்ல முடியாத குடித்தனம். இதற்குப் பின்னால்தான், உப்புக் காற்றின் நேரடி அறை விழாத இடத்தில், தாழையும் அப்புறம் புன்னையும் வந்து உட்கார்ந்தன. முன் வரிசை போனால் பின் வரிசையும் நாளாவட்டத்தில் போகும்.

இதையெல்லாம் மச்சானிடம் சொன்னேன். “வாஸ்தவம்தான்” என்றார். ஜேஸிபிக்காரருக்கு போன் போட்டார்.

* * *

பக்கத்தில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்.

“எங்க பாட்டன் காலத்துல மோட்டுக்கு இந்தாண்ட நின்னா கடலே தெரியாது சார். சத்தம்தான் கேக்கும். மோட்டண்ட ரெண்டு மொழம் தோண்டு, நல்ல தண்ணி ஊறும். சர்க்கரையாட்டம். அதான் குடிக்க, அதான் சமைக்க.”

கடலுக்குப் பக்கத்தில் சர்க்கரைத் தண்ணீரா என்று மச்சான் புருவத்தை உயர்த்தினார். ஆனால் பெரியவர் சொன்னது அசல் விஞ்ஞானம். கைபென் என்று ஒரு ஹாலந்துக்காரரும், ஹெர்ஸ்பெர்க் என்று ஒரு ஜெர்மானியரும் நூறு வருஷத்துக்கு முன்னால் தனித்தனியே கண்டுபிடித்து, அவர்கள் பெயரிலேயே பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

நல்ல தண்ணீர் கடல் தண்ணீரைவிட லேசு. நல்ல தண்ணீர் ஆயிரம் கிலோ பிடிக்கிற தொட்டியில் கடல் தண்ணீர் 1,025 கிலோ பிடிக்கும். அதனால் மணல் மேட்டில் இறங்கும் ஐப்பசி, கார்த்திகை மழை, அடியில் ஊறியிருக்கும் உப்புத் தண்ணீர் மேல் தயிரில் ஏடு மாதிரி மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி ஆழத்துக்கு உப்புத் தண்ணீரைத் தள்ளி வைக்கும் என்பது அவர்கள் கணக்கு. வட்டி விகிதம் ஒன்றுக்கு நாற்பது. எந்த சிட்பண்டும் தராது. ஆனால் இந்த வட்டி இரண்டு பக்கமும் வெட்டும். மேட்டைச் சரித்து, போர் போட்டு, மேலே ஓரடி இறக்கினால் அடியிலிருந்து நாற்பது அடி உப்பு ஏறி வரும்.

திருவிடந்தைக்குத் தெற்கே, அதே கடற்கரையில், நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. 2013-ல் ஆரம்பித்தபோது நாளைக்குப் பத்து கோடி லிட்டர். 2024-ல் பக்கத்திலேயே இன்னொன்று, பதினைந்து கோடி லிட்டர். சென்னைக்கு அது வேண்டும். குறை சொல்ல மாட்டேன், நானும் அந்தத் தண்ணீரில் பல் தேய்க்கிறவன்தான். ஆனால் கரண்ட் பில் இல்லாமல் தண்ணீர் சேர்த்துக் கொடுத்த மெஷினை அரை நாள் ஜேஸிபி வாடகையில் காலி பண்ணுவது என்ன பொருளாதாரம் என்று எனக்கு விளங்கவில்லை.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். வலையில் வரும் சொறி உடம்பில் பட்டு எரிந்தால் அடம்பு இலையைக் கசக்கித் தேய்ப்பார்களாம். “இப்ப பேரனுக்குப் பட்டா ஆயின்மென்ட் வாங்கியாரச் சொல்றான். கொடி எங்க கீது, தேடணும்.”

* * *

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். நன்றாகவே இருக்கிறது. 1991 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே, அழகுபடுத்துவதற்காகவோ கேளிக்கைக்காகவோ மணல் குன்றுகளைத் திருத்தி மாற்றக் கூடாது என்று எழுதியிருக்கிறது. 2011-ல் வந்த அறிவிக்கை மணல் குன்றுகளை, அலையாத்திக் காடு, பவளப் பாறை இவற்றோடு முதல் வகுப்பில் உட்கார வைத்தது. 2019-ல் வந்ததும் அந்த ஸீட்டைப் பிடுங்கவில்லை. ஆனால், கிராமப்புறக் கடற்கரையில் ஜனநெருக்கம் அதிகமான இடங்களுக்கு, கட்டடம் கூடாத 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். நெருக்கம் என்றால் 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல்.

சிக்கல் எங்கே என்றால், மேடு மேடாக இருக்கிற வரைதான் அது குன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சமமாக்கிவிட்டால் திங்கட்கிழமை காலையில் அது வெறும் காலி மனை. மச்சானுக்கு மனை விற்றவர் கொடுத்த வண்ண நோட்டீஸில் நீச்சல் குளம் படம் இருந்தது, தென்னை மரம் இருந்தது, தொப்பி போட்ட வெள்ளைக்காரக் குழந்தைகூட இருந்தது. மேடு இல்லை. புதரும் இல்லை. அதற்கு ‘தரிசு’ என்று பெயர்.

செடியின் பெயரில் வழக்குப் போடலாமென்றால் அதுவும் முடியாது. அழிந்து வரும் உயிரினங்களுக்கு, உலக அளவில் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964-லிருந்து ஒரு சிவப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் அடம்புக்கும் புன்னைக்கும் ‘கவலை வேண்டாம்’ என்கிற ரேங்க். நியாயம்தான். அடம்பின் விதை கடலில் மாதக்கணக்கில் மிதந்து கரை சேர்ந்தும் முளைக்கும். ஆப்பிரிக்காவில் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, ஃப்ளோரிடாவில் இருக்கிறது. உலகத்தில் எண்ணூறு கோடி பேர் இருக்கிறார்கள் என்பதற்காக, எதிர் வீட்டுக்காரர் காணாமல் போனால் போலீஸில் புகார் வாங்க மாட்டோம் என்று சொல்வார்களா? சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. ஃப்ளோரிடாவில் இருக்கும் அடம்பு, மச்சான் மனையில் தண்ணீர் சேர்த்துத் தராது.

இதே ஈ.ஸி.ஆரில் நேரே தெற்கே போனால், மரக்காணம் தாண்டி, பாண்டிச்சேரிக்கு முன்னால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில். அங்கே தல விருட்சம் என்று ஒன்றைத் தேட வேண்டியதில்லை. கோயிலைச் சுற்றிக் காடே இருக்கிறது. காயா மரங்கள் அடர்ந்து, பகலிலும் நிழல் இருட்டு. சோழமண்டலக் கரையோரம் முழுக்க ஒரு காலத்தில் கிடந்த, வருஷம் பூராவும் இலை உதிராத வறண்ட காட்டின் மிச்சம். தாவரவியல்காரர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்துபோகிற இடம். ஐயனார் மரத்தை மட்டும் அல்ல, இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பெருமாள் ஸாத்வீகம், எதையும் பிடித்துவைக்கவில்லை.

* * *

சவுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. “மரம்தான் நட்டிருக்காங்களே மாப்ளே, பச்சையாத்தானே இருக்கு” என்றார் மச்சான். சவுக்கு நல்ல மரம். தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியாப் பக்கத்து மரம். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக இங்கே வந்து, நிறைய விவசாயிகளுக்குச் சோறு போட்டது. சென்னையில் பாதிக் கட்டடங்கள் சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவை. வயலில் போடட்டும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போடட்டும். கடலுக்கு முதல் வரிசையில், மேட்டின் மேல் போடும்போதுதான் வம்பு. அதன் ஊசி இலை உதிர்ந்து ஜமுக்காளம் மாதிரி மூடிக்கொள்ளும். அடியில் அடம்புக்கு வெயில் இல்லை. தை மாசத்திலிருந்து முட்டை போட வரும் பங்குனி ஆமைக்குத் தோண்ட வெறும் மணல் இல்லை.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமிக்குப் பிறகு கடலோரத்தை ஆராய்ந்தவர்கள் பலர், செடி பிடித்த உயரமான மணல் மேடுகளுக்குப் பின்னாலிருந்த இடங்கள் தப்பியதையும், மேட்டை வெட்டி வழி விட்ட இடங்களில் தண்ணீர் நேரே உள்ளே போனதையும் எழுதிவைத்தார்கள். அதற்கு மரியாதையாக நாம் செய்தது, கரை நெடுக மேடுகளின் மேலேயே இன்னும் சவுக்கு நட்டது.

* * *

மச்சானின் மேடு இதுவரை பிழைத்திருக்கிறது. நற்றிணையும் ஹெர்ஸ்பெர்க்கும் காரணம் என்று பெருமை அடித்துக்கொள்ள ஆசைதான். காரணம் பக்கத்து மனைக்காரர். அவர் மூன்று வருஷம் முன்னாலேயே சமமாக்கி, கொரியன் புல் போட்டு, போர் இறக்கியவர். முதல் வருஷம் தண்ணீர் நன்றாக இருந்தது. போன கோடையிலிருந்து காபி போட்டால் பால் திரிகிறது. ஷவரில் வெள்ளையாகப் படிகிறது. புல்லுக்கும் அதே தண்ணீர் ஊற்றியதில் புல் மஞ்சளாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு டாங்கர். அது போதாதென்று மே மாசக் காற்றில் ஹாலெல்லாம் மணல். ஜன்னல் திறந்தால் சோபாவில் ஒரு குட்டி மேடு உருவாகிவிடுகிறது. அதையும் அவர் பெருக்கித் தள்ளிவிடுகிறார்.

டாங்கர் பில்லைப் பார்த்த அன்றைக்கு மச்சான் ஜேஸிபிக்காரருக்கு மறுபடி போன் செய்து, “இப்ப வேணாம்ப்பா, நான் சொல்றேன்” என்றார். ‘இப்ப’ என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் மேல் பேச்சு பேசவில்லை. வீட்டை மேட்டுக்குப் பின்னால் தள்ளிக் கட்டலாமா, கடல் தெரிய மொட்டை மாடியில் ஒரு ஊஞ்சல் போட்டால் போதாதா என்று இப்போது காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். காபியும் ஊஞ்சலும் ஒத்துப்போகாது என்று என் மனைவி ஆட்சேபணை தெரிவித்திருக்கிறாள். அது அண்ணன் தங்கை விவகாரம், நான் தலையிடவில்லை.

மேட்டின் வடக்கு ஓரத்தில் ஆடு மேய்ந்து மொட்டையாக ஒரு பகுதி இருக்கிறது. அடம்புக் கொடியை முழ நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கிற மாதிரி, முதல் மழை விழுந்ததும் புதைத்தால் பிடித்துக்கொள்ளும். நர்ஸரியில் போய்க் கேட்டேன். அரேபிய ஈச்சை இருக்கிறது, போகன்வில்லா எட்டு கலரில் இருக்கிறது. அடம்பு என்றதும் பையன், “அது செடியா சார், களை” என்றான்.

ராவணன் மீசைக்கும் பஞ்சம். மச்சான் மேட்டில் இருப்பதெல்லாம் ஆண் செடி. நாலு வேலி தள்ளி ஒரு ரிசார்ட் இருக்கிறது. கடலைப் பார்த்த சுவர் ஓரத்தில் அந்த முள் பந்துகள் உருண்டு வந்து முட்டி, முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்து கிடந்தன. வாட்ச்மேன் துடைப்பத்தால் குவித்துத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

“தினம் இதே வேலை சார். கெஸ்ட் காலுல குத்துதுன்னு கம்ப்ளைண்ட்டு.”

ஒரு சாக்கு கொடுங்கள், நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

“முள்ள எட்த்துகினு போயி இன்னா சார் பண்ணப் போற?”

“நடப் போறேன்.”

அவர் தீப்பெட்டியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சாக்கு கொண்டுவர உள்ளே போனார். திரும்பி வரும்போது, விஷயத்தைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, கூடவே வேடிக்கை பார்க்க இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.